உண்ணி குடியிருப்பது சுவரில், சாப்பிட வருவதுதான் நாயிடம்

“மாத்திரை கொடுத்துப் பத்து நாளாகிவிட்டது டாக்டர். இன்னும் உண்ணி ஊர்கிறதே, மாத்திரை போலியா?” பினாங்கில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத வாரமில்லை. ஜெலுத்தோங்கிலிருந்து வருகிறவரும் கேட்கிறார், பாலம் தாண்டிப் பிறையிலிருந்து வருகிறவரும் கேட்கிறார். பெரும்பாலும் மாத்திரை அசல்தான். தன் வேலையையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. அவர்கள் நாயின் காதைத் திருப்பிக் காட்டுகிறார்கள். நானோ வீட்டுச் சுவரைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறேன். நாய் எங்கே படுக்கிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, சுவரில் விரிசல் உண்டா, காலண்டர் எங்கே தொங்குகிறது? சிலருக்கு எரிச்சல்கூட வருகிறது.

நம் வீட்டு நாய்களிடம் நான் பார்ப்பது அநேகமாக ஒரே இனம்தான்: பழுப்பு நாய் உண்ணி. அறிவியல் பெயர் ரைப்பிசெபாலஸ் சாங்குவினியஸ். புதரிலும் காட்டிலும் வாழும் மற்ற உண்ணிகளைப் போல இதற்குப் புல் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, பெருகக்கூடிய இனம் இது. “எங்கள் பையன் புல்லையே மிதித்ததில்லை, டைல்ஸ் தரையிலேயே வளர்கிறான்” என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் வீட்டிலும் அது சௌகரியமாகக் குடும்பம் நடத்துகிறது. வெயில் காலம், குளிர் காலம் என்று நமக்கு எதுவும் இல்லாததால் அதற்கு ஓய்வும் இல்லை. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு, “இது உண்ணி சீசனா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பினாங்கில் பன்னிரண்டு மாதமும் சீசன்.

அதன் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அது நாய்மேல் ஏறிச் சில நாள் இரத்தம் குடிக்கிறது. குடித்து முடித்ததும் அங்கேயே தங்குவதில்லை, கீழே விழுந்துவிடுகிறது. ஏதாவது ஓர் இடுக்கில் ஒளிந்து தோலுரித்து, எட்டுக் கால் இளம் உண்ணியாகி, மறுபடியும் நாயைத் தேடி வருகிறது. மீண்டும் சில நாள் விருந்து, மீண்டும் தரை, மீண்டும் தோலுரிப்பு. மூன்றாம் முறை வருவது வளர்ந்த உண்ணி. பெண் உண்ணி ஒன்று முதல் மூன்று வாரம்வரை குடித்து, ஆமணக்கு விதை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உப்பிவிடும். நம் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். அதுவும் கீழே விழும், சுவரேறும், விரிசலில் புகுந்து நாலாயிரம் முட்டைவரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். நம் தட்பவெப்பத்தில் முட்டை முதல் முட்டைவரை இரண்டு மூன்று மாதம் போதும்.

கணக்குப் பார்த்தால், ஓர் உண்ணி தன் ஆயுளில் நாய்மேல் இருப்பது சில வாரங்கள்தான். மிச்சக் காலமெல்லாம் உங்கள் வீட்டில். பசியோடு காத்திருப்பதிலும் அதற்கு நிகரில்லை. வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேலும் உணவின்றி உயிரோடு இருக்கும். நாயின் உடம்பில் நீங்கள் பத்து உண்ணி பிடுங்கினால், பிடுங்க வேண்டியவை அதைவிடப் பன்மடங்காகச் சுவரிலும் தரையிலும் இருக்கின்றன.

இங்கேதான் பல குடும்பங்கள் தலைகீழான முடிவை எடுக்கின்றன. ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு வரிசை வீட்டுக் குடும்பம், உண்ணித் தொல்லை தாங்காமல் நாயை நிபோங் திபாலில் இருந்த உறவினரிடம் அனுப்பிவிட்டது. நாய் போனது, உண்ணி போகவில்லை. நாய் இருந்தவரை அதன்மேல் ஏறியவை, அது இல்லாமற்போனதும் மெத்தையிலும் சோபாவிலும் ஊர ஆரம்பித்தன. சின்னப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பாட்டி என்னை வரவழைத்துக் கேட்டார்: “நாயே இல்லாத வீட்டில் இது எப்படித் தம்பி?” பழுப்பு நாய் உண்ணிக்கு மனித இரத்தம் முதல் விருப்பம் இல்லை, நாய் கிடைக்காதபோதும், கூட்டம் பெருகியபோதும் நம்மையும் கடிக்கும். நாயைத் திரும்பக் கூட்டி வரச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் நான் சொல்வதில் நம்பிக்கை வரவில்லை. பாட்டிதான் தொலைபேசியை எடுத்தார்.

சரியான மருந்து கொடுக்கப்பட்ட நாய் ஒரு பொறி. அதைத் தேடி ஏறும் ஒவ்வோர் உண்ணியும் சாகிறது. முட்டையிடத் திரும்பிப் போவதில்லை. அந்தப் பொறியை வீட்டைவிட்டு அனுப்புவது, பின்கட்டில் சங்கிலியில் கட்டிப்போடுவது இரண்டுமே உண்ணிக்குச் சாதகம். நாய் வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே படுக்கட்டும்.

மாத்திரையைப் பற்றிய குழப்பத்துக்கு வருவோம். ஃபுளூரலானர், அஃபாக்சோலானர், சரோலானர் ஆகியவை இப்போது அதிகம் தரப்படுபவை. மூன்றும் ஐசாக்சசோலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னவை இரண்டும் மாதம் ஒருமுறை, ஃபுளூரலானர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இவை நாயின் இரத்தத்தில் இருப்பவை. உண்ணி ஏற வேண்டும், கடிக்க வேண்டும், குடிக்க வேண்டும், பிறகுதான் சாகும். அதற்கு ஒருநாள், சில சமயம் இரண்டு நாள் ஆகலாம். ஆகவே மருந்து கொடுத்த பிறகும் நாய்மேல் உண்ணியைப் பார்ப்பீர்கள். இரண்டாம் நாளுக்குப் பின் அது காய்ந்து சுருங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. சுவரில் ஊர்பவை இன்னும் கடிக்காதவை. அவற்றின் முறை இனிமேல்தான் வரும். ஒரு தலைமுறை முழுவதும் வரிசையாக வந்து செத்துத் தீர இரண்டு மூன்று மாதம் எடுக்கும். முதல் மாதத்தோடு நிறுத்துகிறவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சோறு போடுகிறார்கள்.

பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டாக வெட்டி, இரண்டு நாய்களுக்குக் கொடுக்கும் சிக்கனம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. எடைக்கேற்ற மாத்திரையை முழுதாகக் கொடுப்பதுதான் முறை. வலிப்பு வரலாறு உள்ள நாய் என்றால் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். இந்த மருந்துக் குடும்பத்தால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. அப்படிப்பட்ட நாய்க்கு வேறு வழிகள் உண்டு: ஃபுளூமெத்ரின் கலந்த கழுத்துப்பட்டை, பிடரியில் விடும் சொட்டு மருந்து. சொட்டு மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் ஷாம்பூ குளியல் வேண்டாம்.

பூனையும் இருக்கும் வீடு என்றால் இன்னொரு முறை கவனியுங்கள். நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நாயை நக்கினாலோ அதன்மேல் சுருண்டு படுத்தாலோ போதும், பூனை உடல் நடுங்கி வலிப்பில் விழும். “மிச்சம் கொஞ்சம் இருந்தது, பூனைக்கும் விட்டேன்” என்று தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

இனி வீடு. பழுப்பு உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு என்பதை மனத்தில் வைத்துத் தேடுங்கள். தரையைத் துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நாய் படுக்கும் இடத்தை ஒட்டிய சுவர், கதவு நிலை, இரும்புக் கிரில்லின் மூட்டுகள், கார் நிறுத்தும் இடத்துச் சிமெண்டு விரிசல், திரைச்சீலை மடிப்பு, சாமி படங்களின் பின்புறம், காலண்டரின் அடியில், சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால். டார்ச் விளக்கோடு இரவில் பாருங்கள். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் மரப் பலகைகளின் இடுக்கில் நான் பார்த்த கூட்டத்தைச் சொன்னால் இரவில் உங்களுக்குத் தூக்கம் வராது.

வாக்குவம் இயந்திரத்தால் இடுக்குகளை உறிஞ்சுவது மிகச் சிறந்த முதல் வேலை. பையை உடனே கட்டி வெளியே எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி நடந்து வரும். நாயின் விரிப்பை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவையுங்கள். அதன்பின் விரிசல்களைச் சிமெண்டாலோ புட்டியாலோ அடையுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு, பலன் அதிகம். முட்டையிட இடமே இல்லாமல் போகிறது.

பூச்சிமருந்து அடிப்பதென்றால் ஒருமுறை போதாது. முட்டையை மருந்து அநேகமாகத் தொடுவதில்லை. குஞ்சு பொரிந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். பெரும் தொல்லை என்றால் மூன்றாம் முறையும். வாங்கும் மருந்தின் லேபிளில் மலேசியாவின் 1974ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி பெற்ற பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். காய்கறித் தோட்டத்துக்கான மருந்தை நண்பரிடமிருந்து சிறு போத்தலில் வாங்கி வந்து வீட்டுக்குள் அடிப்பது ஆபத்து. மருந்து காயும்வரை நாய், பூனை, பிள்ளைகள் எல்லோரும் வெளியே இருக்கட்டும். மீன்தொட்டி இருந்தால் நன்றாக மூடி, காற்று பம்ப்பை நிறுத்துங்கள்; பைரெத்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. அதே மருந்துகளுக்கு இந்த உண்ணி அசராமல் பழகிவிட்டது அமெரிக்காவின் ஃபுளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களில் பதிவாகியிருக்கிறது. எனவே அடித்தும் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், வேறு வகை மருந்தைக் கேளுங்கள்.

கைவைத்தியம் பற்றிக் கேட்காமல் எவரும் என்னை விடுவதில்லை. வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், தீங்கில்லை. உண்ணி ஒழியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். புகையிலை ஊறிய தண்ணீர் வேண்டவே வேண்டாம்: நிக்கோட்டின் தோல் வழியாகவே உள்ளே போய் நாயை வீழ்த்திவிடும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். நாய் நக்கினால் நுரையீரலுக்கும் கேடு. கற்பூரத் தைலமும் நஞ்சுதான். பூண்டு அரைத்துச் சோற்றில் கலப்பது எல்லாவற்றிலும் கொடுமை, ஏனென்றால் பூண்டு நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உண்ணி தரும் நோய்களில் ஒன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அந்த நோய்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே எல்லோரும் பொதுவாக உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். உள்ளே இருக்கும் கிருமி எர்லிக்கியாவாக இருக்கலாம், பபேசியாவாக இருக்கலாம், அனாபிளாஸ்மாவாக இருக்கலாம்; இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால், உடம்பு கொதித்தால், ஈறு வெளுத்திருந்தால், காத்திருக்க வேண்டாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கும் பழக்கத்தை, நாய் நன்றாக இருக்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள்; அப்போதுதான் வெளுப்பு தெரியும். மூக்கில் இரத்தம் வடிவது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது எர்லிக்கியாவைச் சந்தேகிக்க வைக்கும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இறங்கிவிடுகின்றன. சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பபேசியா, அன்றைக்கே வாருங்கள்.

எர்லிக்கியா தந்திரக்காரக் கிருமி. முதல் காய்ச்சல் தானாகவே தணிந்து, மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட எதுவும் தெரியாமல் கிடக்கும். பிறகு எலும்பு மஜ்ஜையைத் தாக்கி எழும்பும்போது மருத்துவம் கடினம். அல்சேஷன் நாய்களுக்கு இது மற்றவற்றைவிட மோசமாகத் திரும்பும். இதற்கு டாக்சிசைக்கிளின் 28 நாள் கொடுக்க வேண்டும். நாலாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிடும். அன்றோடு மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் நிறையப் பேர். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சாப்பாட்டோடு கொடுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு உடனடிச் சோதனை அட்டை இன்னும் ‘உண்டு’ என்று காட்டினால் பதற வேண்டாம். அந்த அட்டை காண்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக நாயின் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. அது மாதக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். தட்டணு எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்பதே முக்கியம்.

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுக்கும் முறை எளிது. நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக, நிதானமாக இழுங்கள். தீக்குச்சி, நகப்பூச்சு, எண்ணெய் எதுவும் வேண்டாம். வாய்ப்பகுதி உள்ளே தங்கினால் தோண்டாதீர்கள், சிறு கட்டியாகித் தானே ஆறிவிடும். எடுத்ததை விரலால் நசுக்காமல் சாராயக் கரைசலில் போடுங்கள். ஆண் நாயின் முலைக்காம்பை உண்ணி என்று பிடித்து இழுத்து இரத்தக் களரியாக்கிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஆண் நாய்க்கும் காம்பு இருக்கிறது ஐயா, கால் முளைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஊருக்குப் போகிறவர்கள் நாயை விடுதியில் விடுகிறார்கள். சுத்தமாக இருந்த வீட்டுக்கு உண்ணி திரும்புவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். விடுவதற்கு முன்பே மருந்தின் காலம் முடியவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கூண்டுகளின் மூலைகளையும் சுவரையும் நேரில் போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது உண்ணி மருந்து கொடுத்தீர்கள் என்று அவர்கள் உங்களைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வேறு விடுதி பாருங்கள்.