காற்று மாறும்வரை காத்திருந்த ஊர்கள்

பட்டுப்பாதை என்றதும் ஒட்டக வரிசைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஓர் ஒட்டகம் சுமப்பது 150, 200 கிலோதான். மிளகு மூட்டைகளையும் பீங்கான் அடுக்குகளையும் அப்படிக் கொண்டுபோய்க் கட்டுபடியாகாது. கனத்த சரக்கெல்லாம் கடலில்தான் போனது. அந்தக் கடல்வழிகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தது பருவக்காற்று.

அது இயங்கும் விதம் எளிமையானது. கோடையில் தரை சீக்கிரம் சூடேறும். கடல் மெதுவாகத்தான் சூடாகும். ஆசிய நிலப்பரப்பின் மேல் சூடான காற்று மேலெழ, அங்கே அழுத்தம் குறைகிறது. அதை நிரப்பக் கடல்காற்று நிலத்தை நோக்கி வருகிறது. பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வரும் காற்று வலப்பக்கம் திரும்பும். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று அப்படித்தான் உருவாகிறது. குளிர்காலத்தில் கதை தலைகீழ்: நிலம் குளிர, காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. ஈழத்து மீனவர்கள் இவற்றைச் சோளகம், வாடை என்பார்கள். அரபியில் ‘மவ்சிம்’ என்றால் பருவம். ‘மான்சூன்’ அதிலிருந்து வந்ததுதான்.

போக ஒரு காற்று, திரும்ப ஒரு காற்று என்று கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். சிக்கல் தேதியில் இருந்தது. தென்மேற்குக் காற்று ஜூன், ஜூலையில் உச்சத்தில் இருக்கும். அப்போது மலபார்க் கரைக்கு வந்தால் கப்பலைக் காற்றே கரையில் மோதிவிடும். அதனால் எகிப்திலிருந்து கிளம்பிய கப்பல்கள், காற்றின் வேகம் தணியும் நேரத்தில் வந்துசேரும்படி கணக்குப் போட்டன. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி இந்தப் பயணத்தை விவரித்திருக்கிறார். நடுக்கோடையில் எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிக்கேயில் புறப்பாடு; செங்கடலின் வாய்க்கு வர 30 நாள்; அங்கிருந்து மலபார்க் கரையின் முசிறிக்கு 40 நாள். டிசம்பர் வாக்கில், சாதுவான வடகிழக்குக் காற்றில் திரும்புவார்கள். பெரனிக்கே அகழாய்வில் ஒரு இந்தியப் பானை நிறைய, ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் அங்கே கிடைத்திருக்கிறது. ஆக, ரோமானியர் இங்கே வந்ததோடு நிற்கவில்லை. நம்மவர்களும் அங்கே போயிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்த வணிகத்தை வளர்த்ததில் பயணத்துக்கு இணையான பங்கு காத்திருப்புக்கும் உண்டு. அரேபியாவிலிருந்து சீனாவுக்கு ஒரே காற்றில் போய்ச் சேர முடியாது. நடுவில் எங்கேயாவது தங்கி, அடுத்த காற்று வரும்வரை சில மாதங்களை ஓட்டியாக வேண்டும். மலாக்கா நீரிணையைச் சுற்றியிருந்த துறைமுகங்கள் இந்தக் கட்டாயத்தில்தான் செழித்தன. 671இல் சீனத் துறவி யிஜிங் குவாங்சோவிலிருந்து கிளம்பி, வடகிழக்குக் காற்றில் 20 நாளுக்குள் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்துக்கு வந்துவிட்டார். அப்புறம் ஆறு மாதம் அங்கேயே தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார்.

எல்லோரும் இலக்கணம் படிக்கவில்லை. சரக்கை வைக்கக் கிடங்கும், நாணயம் மாற்ற ஆளும், மொழிபெயர்ப்பாளரும் தேவைப்பட்டார்கள். உள்ளூரிலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கியவர்களும் உண்டு. நாளடைவில் ஒரே கப்பல் கடைசிவரை போகாமல், நடுத்துறையில் சரக்கைக் கைமாற்றிவிட்டுத் திரும்புவது வழக்கமானது. பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவில் வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்திகளுக்கென்றே ஒருவர், தமிழ் வணிகர்கள் இன்னொருவரின் பொறுப்பில்.

தமிழ் வணிகர்கள் அதற்கு முன்பே இன்னும் கிழக்கே போயிருந்தார்கள். சீனாவின் சுவான்சோ நகரில் சிவன் கோயில் ஒன்றைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதில் உள்ள காலம் சக ஆண்டு 1203, சித்திரை மாதம். நம் கணக்கில் 1281 ஏப்ரல். தெற்கே போகும் காற்று அந்த நேரத்தில் ஓய்ந்துகொண்டிருக்கும். கல்லை நட்டவர் அன்றைக்கே ஊர் திரும்ப நினைத்திருந்தாலும், அடுத்த வாடை எழ ஐப்பசி, கார்த்திகை ஆகியிருக்கும்.