தெர்மல் கேமரா வெளிநாட்டுக்கு அனுப்புறீங்களா? முதல்ல பெர்மிட்டைப் பாருங்க

மலேசியாவுல, பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு சின்ன கம்பெனியில ஷிப்பிங் கிராணியா (கிளார்க்கா) இருந்த தங்கச்சி ஒண்ணு, ரெண்டு பெட்டி தெர்மல் கேமராவுக்கு, அதாவது சூட்டை வச்சுப் படம் காட்டுற கேமராவுக்கு, ஏற்றுமதி பாரத்துல வெறும் "சிசிடிவி கேமரா"ன்னு போட்டு அனுப்பிடுச்சு, முதலாளி சொன்னதைத்தான் போட்டுச்சு. சரக்கு பிடிபட்டதும் முதலாளி கை காட்டுனது இந்தப் பொண்ணைத்தான். பாரத்துல கையெழுத்து அதோடது. அதைப் பார்த்த வயித்தெரிச்சல்லதான் இதை எழுதுறேன்.

இதுக்கான மலேசியச் சட்டம் 2010 ஆம் ஆண்டு வியூக வாணிபச் சட்டம். முதலீடு, வாணிபம், தொழில்துறை அமைச்சு, அதான் மித்தி, இதைப் பார்த்துக்குது. ராணுவத்துக்கும் உதவும், தொழிற்சாலைக்கும் உதவும்னு இருக்கிற பொருள்களுக்கு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இருக்கிறதை வெளிய அனுப்ப பெர்மிட் வேணும், அந்தப் பட்டியல்ல 6 ஆவது பிரிவு சென்சாரும் லேசரும். தெர்மல் கேமரா அங்கதான் வருது. ஏன்னா மெஷின் சூடாகுதான்னு பார்க்கிற அதே மைக்ரோபோலோமீட்டர், அதாவது சூட்டை உணர்ற சென்சார்தான், இன்னைக்கு கவச வண்டியில டிரைவருக்கு இருட்டுல ரோட்டைக் காட்டுது. இப்ப அந்த வண்டிகளைச் சுத்தி நாலு பக்கமும் கேமரா வைக்கிறாங்க, சென்சாரும் வருஷா வருஷம் சின்னதாவும் மலிவாவும் ஆகுது, அதனால நம்ம ஊர் கடையில விக்கிற சாமானுக்கும் ராணுவ சாமானுக்கும் நடுவுல கோடு மெலிஞ்சுக்கிட்டே போகுது.

எல்லாரும் தடுக்கி விழற இடம் 9 ஹெர்ட்ஸ். செகண்டுக்கு 9 படத்துக்கு மேல போகாத, குளிரூட்டாத சென்சார் வச்ச கேமராவுக்கு அந்தப் பிரிவுல விலக்கு இருக்கு, ஏன்னா ஓடுற வண்டியில அந்த வேகத்துல படம் துள்ளும், ஓட்ட முடியாது. ஆனா சப்ளையர் "9 ஹெர்ட்ஸ்தான்"னு வாயால சொல்றதை நம்பாதீங்க, தயாரிப்பாளரோட டேட்டாஷீட்டை (விவரத்தாளை) கையில வாங்குங்க. அதே மாடல் 30 ஹெர்ட்ஸ்லயும் வரும், வெளித்தோற்றம் அச்சு அசலா ஒண்ணுதான். இன்னொண்ணு, கேமராவுக்குத்தான் அந்த விலக்கு, கழட்டின சென்சாரைத் தனியா அனுப்புனா அது பட்டியல்ல வேற இடத்துல வரும், மாட்டிக்குவீங்க. ராணுவத்துக்குன்னே வடிவமைச்சதுன்னா 9 ஹெர்ட்ஸ் கதையே அங்க எடுபடாது, அது ராணுவப் பொருள் பட்டியலுக்குப் போயிடும்.

"எச்எஸ் கோட்ல பிரச்சனை இல்லண்ணே"ன்னு சரக்கு அனுப்பிக் குடுக்கிற ஃபார்வர்டிங் ஆள் சொல்லுவார். எச்எஸ் கோட்ங்கிறது சுங்க வரிக்காக சரக்குக்குப் போடுற நம்பர், இந்தப் பட்டியலோட கோட் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ரிப்பேருக்கு சிங்கப்பூருக்கு அனுப்புனாலும் ஏற்றுமதிதான், கண்காட்சிக்குப் பையில வச்சுக் கொண்டு போனாலும் அப்படித்தான், திரும்பி வரும்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. கட்டுப்பாட்டுல இருக்கிற தொழில்நுட்ப டிராயிங்கை ஈமெயில்ல அனுப்புறதையும் இந்தச் சட்டம் விடல.

பெர்மிட் ஆன்லைன்ல போடணும், அதுக்கு முன்னாடி கம்பெனியைப் பதியணும். கப்பல் புக் பண்ணிட்டுப் பதிய உக்காராதீங்க. கடைசியில யார் கையில போகுது, எதுக்குன்னு வாங்குறவங்க கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும், இங்கதான் வாரக்கணக்கா இழுக்கும், ஏன்னா நடுவுல இருக்கிற டிரேடர் தன் கஸ்டமர் பேரைச் சொல்ல மாட்டான். சொல்லலைன்னா அனுப்பாதீங்க. இந்தச் சாமான் பட்டியல்ல இருக்கா இல்லையான்னு கேட்டு ஒரு கவுண்டர்ல நின்னா அடுத்த கவுண்டருக்குப் போன்னுவாங்க, அங்க போனா "அது நீங்கதான் பார்த்து முடிவு பண்ணணும்"னுவாங்க, அரை நாள் லீவு போனதுதான் மிச்சம். வாயால கேக்கிறதை விட்டுட்டு மாடல் நம்பர், டேட்டாஷீட்டோட எழுத்துல கேளுங்க, வர்ற பதிலை பிரிண்ட் பண்ணி வைங்க.

தப்பு பண்ணி மாட்டுனா ஜெயில், மில்லியன் ரிங்கிட் கணக்குல அபராதம். கம்பெனி மேல கேஸ் வந்தா டைரக்டர், மேனேஜரையும் சேர்த்து இழுக்கலாம். அதனால சும்மா பேருக்கு "ஷிப்பிங் மேனேஜர்"னு கார்டு அடிச்சுக் குடுத்தா சந்தோஷப்படாதீங்க தங்கச்சிங்களா. முதலாளி "சிசிடிவின்னு போடு"ன்னா, அதை அவர் ஈமெயில்லயோ வாட்ஸ்அப்லயோ எழுதித் தரட்டும்னு கேளுங்க. எழுத மாட்டேன்னா கையெழுத்துப் போடாதீங்க.