‘பெரியவர்களுக்கு மட்டும்’ குழுவில் சார்தாம் கிளம்புகிறீர்களா?

கோடை வந்தால் கிளினிக்கில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். “டாக்டர், கேதார்நாத் பத்ரிநாத் போறோம், ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேணும்.” இமயமலையில் யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் என்ற நான்கு தலங்களுக்குப் போய்வருவதுதான் சார்தாம் யாத்திரை. அட்சய திருதியையை ஒட்டித் திறக்கும் அந்தக் கோயில்கள் தீபாவளிக்குப் பிறகு மூடப்படும். நடுவில் இருக்கும் ஆறு மாதம்தான் சீசன். இப்போது பல டிராவல்ஸ்காரர்கள் பெரியவர்களுக்கென்றே தனிக் குழு போடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் கிடையாது. கூடவே ஒரு வழிகாட்டி, நம்மூர் சமையல்காரர், மூன்று வேளையும் சாம்பார், ரசம். ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கும், கணவரை இழந்து தனியாக இருக்கும் அம்மாக்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. தயங்குகிறவர்களை நானே போய்வரச் சொல்வதுண்டு.

ஆனால் குழுவின் வயதை மாற்றியவர்கள் பயணத் திட்டத்தைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. இளைஞர்களுக்குப் போட்ட அதே பத்துப் பன்னிரண்டு நாள், அதே நான்கு தலங்கள், அதே விடியற்காலைப் புறப்பாடு. அதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, வருகிறவர்கள் உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. பதிவுப் படிவத்தில் ‘நோய் ஏதேனும் உண்டா’ என்ற கேள்விக்கு, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்கூட ‘இல்லை’ என்று எழுதுகிறார். சொன்னால் கூட்டிக்கொண்டு போக மாட்டார்களோ என்ற பயம். வழியில் தலை சுற்றினால், “என்னால மத்தவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு” என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் மகனிடம் உடனே சொல்லியிருப்பார்கள். புது முகங்கள் நடுவில் கூச்சம் வந்துவிடுகிறது.

இதனால் நடப்பவற்றில் நான் அடிக்கடி பார்ப்பது யூரின் இன்ஃபெக்ஷன். மலைச்சாலையில் கழிப்பறை கிடைப்பது சிரமம். ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். காலையில் ஒரு காபி, அப்புறம் மதியச் சாப்பாட்டோடு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிலர் அதையும் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். பிரஷர் ஏறுகிறது, மலச்சிக்கல் வருகிறது, ஊர் திரும்பும்போது குளிர்காய்ச்சல். அம்மா, வெட்கப்படாமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டும். பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். சரி என்று சொல்லாத டிராவல்ஸ் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது சுகர் மாத்திரை. கிளிமிபிரைடு வகை மாத்திரையை வீட்டுப் பழக்கத்தில் காலை ஆறு மணிக்கே போட்டுக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். சமையல் வண்டி பின்னால் வருகிறது, வழியில் மண்சரிவு, இட்லி கைக்கு வரும்போது மணி பத்து. அதற்குள் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறிவிடும். பக்கத்தில் இருப்பவர் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்வார். தட்டு கைக்கு வந்த பிறகுதான் அந்த மாத்திரையைப் போட வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரிந்திருக்கட்டும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வாந்தி பேதி வந்தாலோ சாப்பிட முடியாமல் போனாலோ அதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது. குளிரான இடங்களில் அதைப் பெட்டியில் போடாமல் உள்சட்டைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உயரம். பர்கோட், உத்தரகாசி, குப்தகாசி என்று இரவு தங்கும் ஊர்கள் பெரும்பாலும் 1,350 மீட்டருக்குள்தான் இருக்கின்றன. அது நல்லது. கேதார்நாத் 3,583 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம்மூரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் நடைபாதை. குதிரையிலோ டோலியிலோ போனால் கால் வலிக்காது, ஆனால் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் சீக்கிரம் ஏறும். ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் மேலே இறக்கிவிடுகிறது, உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. தரிசனம் முடித்து அன்றைக்கே இறங்கிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. உயர நோய் போய்ச் சேர்ந்தவுடன் வருவது குறைவு, வழக்கமாக ஆறு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். ஆகவே, சாயங்காலம் தெம்பாக இருந்தவர் மேலேயே தங்கிவிட்டால் ராத்திரி தலைவலி, குமட்டலோடு எழுந்து உட்காருகிறார்.

வெறும் தலைவலியும் குமட்டலும் என்றால் மேலே ஏறாமல் ஓய்வெடுத்துப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடாமல் இருமினால், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே உடனடியாகக் கீழே இறக்க வேண்டும். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களுக்குத்தான் வரும், அதை நம்பி மேலே உட்காராதீர்கள். ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியும் குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறதே என்று ஆளைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. உத்தராகண்டிலும் ஆம்புலன்ஸுக்கு 108தான். பெரிய மருத்துவமனை என்றால் ரிஷிகேஷ் எய்ம்ஸ், அங்கே சாலை வழியாகப் போய்ச் சேரப் பல மணி நேரமாகும்.

உயரத்துக்கு முன்கூட்டியே போடும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்களுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். சர்டிஃபிகேட் கேட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் வராதீர்கள். ஒரு மாதம் முன்னால் வந்தால் ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ எடுத்துப் பார்த்து, மாத்திரை நேரங்களையும் மாற்றித் தர முடியும். தினமும் நடக்கப் பழகவும் அந்த ஒரு மாதம் உதவும்.

டிராவல்ஸ்காரரிடம் நான் கேட்கச் சொல்லும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. “ஒருத்தருக்கு முடியலைன்னா அவரோட யார் தங்குவாங்க?” ஒரே ஒரு வழிகாட்டி இருந்தால் அவர் குழுவோடு போயாக வேண்டும். முடியாதவர் பாஷை தெரியாத ஊரில் லாட்ஜ் அறையில் தனியாகக் கிடப்பார், அல்லது அதற்குப் பயந்துகொண்டு முடியாத உடம்போடு மலை ஏறுவார். இரண்டாவது உதவியாளர் இருக்கும் குழுவுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாலும் தகும். பெற்றோருக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளே, வழிகாட்டியிடம் நீங்களே பேசி அம்மா அப்பாவுக்கு என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதன் இன்னொரு பிரதி அவர்கள் கைப்பையில் இருக்கட்டும். “அப்பா, முடியலைன்னா கீழேயே இருந்துடுங்க, பணம் போனா போகட்டும்” என்று ஊரிலேயே சொல்லி அனுப்புங்கள். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்றுதான் பலரும் முடியாமலே ஏறுகிறார்கள்.

திரும்பி வந்த பிறகும் சில வாரம் கவனம் தேவை. நாள்கணக்கில் வண்டியில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, பயணக் களைப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நீண்ட பயணம் போய்வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது மருத்துவருக்கு உடனே தோன்றும்.