இரவல் கொடுத்த பெயர்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், மாலை ஏழு மணிக்கு மேல், அலுவலகத்தைப் பூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாய் விசைத்தறிக் கூடத்தில் தார் போடுகிறவர், அதாவது தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். மகன் கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன். வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளைப் பார்ப்பது என் தொழில்; அவற்றில் எதற்கும் அவர்கள் என்னிடம் வர வேண்டிய தேவை இருந்ததில்லை. அந்தத் தறிக்கூடத்தின் முதலாளி என்னிடம் கணக்கு பார்க்கும் கட்சிக்காரர் என்பதால், அவர் அனுப்பி வைத்திருந்தார். பையன் கையில் இருந்த கடிதம் வட மாநிலம் ஒன்றின் சைபர் காவல் நிலையத்திலிருந்து வந்தது. அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் பதினோரு நாட்களுக்குள் 43 லட்ச ரூபாய் வந்து போயிருப்பதாகவும், விசாரணைக்கு நேரில் வர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

அவனுக்குக் கிடைத்தது எட்டாயிரம் ரூபாய். கல்லூரியில் ஓராண்டு மூத்தவனாக இருந்த ஒருவன், "கம்பெனி ஒன்றுக்கு வரவு செலவு செய்யக் கணக்கு தேவைப்படுகிறது, மாதம் எட்டாயிரம் வாடகை தருவார்கள்" என்று சொல்ல, புதிதாக ஒரு கணக்கைத் திறந்து, பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, காசோலைப் புத்தகம், அந்தக் கணக்கோடு இணைத்த சிம் கார்டு ஆகிய நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த உறையைக் 'கிட்' என்கிறார்கள். இரண்டாம் மாத வாடகை வரவில்லை, கடிதம் வந்தது.

"என்ற பையன் யாரையும் ஏமாத்தலீங்க சார். புஸ்தகத்தத்தானுங்க குடுத்தான்" என்றார் அந்தத் தாய்.

அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. பாஸ்புக்கைக் கொடுப்பது ஏமாற்று ஆகும் என்பது அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் பெயரை இரவல் கொடுப்பது நெடுநாள் வழக்கம். மச்சினன் பெயரில் ஏலச்சீட்டு போடுவோம். கூட்டுறவுச் சங்கத்தில் பங்காளியின் பெயரில் நகைக் கடன் வாங்குவோம். மனைவியின் பெயரில் ஒரு நிறுவனம், அம்மாவின் பெயரில் இன்னொன்று என்று நூல் வாங்குவோம். தறியும் பனியனும் இந்த அளவுக்கு வளர்ந்ததில் கைமாற்றுக்கும் வாய்ச்சொல்லுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதால், அந்த வழக்கத்தை முழுக்கக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அங்கெல்லாம் பெயரைக் கொடுத்தவருக்கு, அதை வாங்கியவரின் வீட்டு வாசல் தெரியும். தவறு நடந்தால் ஊரில் நாலு பேர் கூடிக் கேட்பார்கள். இந்த மாணவன் தன் பெயரை யாருக்குக் கொடுத்தானோ, அவரை அவன் பார்த்தது கிடையாது. அவனுடைய மூத்த நண்பனும் டெலிகிராம் குழு ஒன்றின் வழியாகத்தான் அறிந்திருந்தான். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் இந்தியாவில் இருந்தாரா என்பதே ஐயம்.

மோசடிக்காரர்களுக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்பவர்களுக்காகப் பணம் நகரும் விதத்தைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை, காவல்துறை அதிகாரி போல உடையணிந்தவர் காணொளி அழைப்பில் மிரட்டி, 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாகச் சொல்லிப் பத்து லட்ச ரூபாயை அனுப்பச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டம் எதிலும் கிடையாது, 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார்.) அந்தப் பத்து லட்சம் முதலில் ஒரு கணக்கில் விழுகிறது. சில நிமிடங்களில் அது இருபது துண்டுகளாகி இருபது கணக்குகளுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னும் பல கணக்குகளுக்கு. ஒரு பகுதி ஏ.டி.எம்.களில் ரொக்கமாக எடுக்கப்படுகிறது. ஒரு பகுதி கிரிப்டோ நாணயமாக மாறி நாட்டை விட்டே போய்விடுகிறது. காவல்துறையினர் இந்தக் கணக்குகளை முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று எண்ணுகிறார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் திருடனுக்கும் பணத்துக்கும் நடுவே நிற்க யாரோ ஒருவருடைய உண்மையான பெயரும், ஆதாரும், பான் எண்ணும் வேண்டும். வாடகைக்கு எடுக்கப்படுவது இவைதான்.

பணம் இந்த வேகத்தில் ஓடுவதற்கு, நாம் பெருமைப்படும் வசதிகளே பாதையாகிவிட்டன. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் 16 முதல் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. ஓராண்டு கழித்து, 2020 டிசம்பர் 14 முதல், பெருந்தொகைக்கான ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் அப்படியே ஆனது. உடனடியாகப் பணம் அனுப்பும் யுபிஐயும் ஐ.எம்.பி.எஸ்.சும் நேரம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் எட்டு ஊர்க் கணக்குகளுக்குப் பணம் மாறினால், திங்கள் காலையில் வங்கிக் கிளை திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சேமிப்புக் கணக்கைக் காட்டிலும், வணிகர்கள் வைத்திருக்கும் கரண்ட் அக்கவுண்டுக்கு வாடகை கூடுதலாகக் கிடைப்பதன் காரணமும் இதுதான்: அதில் பெருந்தொகை நாள்தோறும் வந்து போவது இயல்பு, உடனே யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதாரை வைத்துத் தாமே அறிவித்துக்கொண்டால் போதும். இரண்டு தறி வைத்திருப்பவருக்கு உதவுவதற்காக வந்த அந்த எளிமை, தறியையே பார்த்திராதவர் பெயரில் 'டெக்ஸ்டைல்ஸ்' ஒன்றைத் தொடங்கிக் கரண்ட் அக்கவுண்ட் திறக்கவும் உதவுகிறது. இதற்குச் சான்றிதழ் போட்டுக் கொடுக்கும் என் தொழிலைச் சேர்ந்த சிலரையும் நான் அறிவேன். அதைச் சொல்லாமல் மாணவனை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது.

மறுமுனையில் இருப்பவர்களைப் பற்றியும் ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரும் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்களும் அவர்களில் உண்டு; 2025 மார்ச்சில், தாய்லாந்து எல்லை நகரமான மே சோட்டிலிருந்து, இரண்டே நாட்களில் 549 இந்தியர்கள் விமானப் படை விமானங்களில் திரும்ப அழைத்துவரப்பட்டார்கள். அங்கே அடைபட்டுக் கிடக்கும் ஒருவர் இங்கே ஒரு முதியவரை மிரட்டுகிறார். அந்தப் பணம் பள்ளிபாளையத்து மாணவன் ஒருவனின் கணக்கு வழியாகப் போகிறது. மூவரில் எவரையும் மற்றவர் அறியார். 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் ஏறத்தாழ 22,845 கோடி ரூபாயை இழந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அந்தத் தொகை ஏறத்தாழ 7,465 கோடி.

'தெரியாமல் கொடுத்துவிட்டேன்' என்பது விசாரணையில் சொல்லத்தக்க பதில்தான். ஆனால் அது விசாரணையைத் தடுக்காது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி ஏமாற்றிப் பணம் பறித்தலுக்கு ஏழாண்டு வரை சிறை. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை. பணமோசடித் தடுப்புச் சட்டம் பாய்ந்தால் குறைந்தது மூன்றாண்டு. கிடைத்த வாடகை எட்டாயிரம்தான் என்பது இந்தப் பிரிவுகளில் எதையும் மாற்றாது. அத்தோடு, அந்த 43 லட்சமும் அவனுடைய பான் எண்ணின்கீழ்ப் பதிவாகியிருக்கும் என்பதால், வருமான வரித் துறை விளக்கம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவனும் அவனே. அன்று இரவு அந்தத் தாயிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. வழக்கறிஞர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தேன். டெலிகிராம் உரையாடல் எதையும் அழிக்கக் கூடாது என்று பையனிடம் இரண்டு முறை சொன்னேன். ஏனென்றால் அவன் ஏற்கெனவே பாதியை அழித்திருந்தான்.

கணக்கைக் கொடுத்துவிட்டு இப்போது கலங்கிக்கொண்டிருப்பவர் யாரேனும் இதைப் படித்தால், இன்றே வங்கிக் கிளைக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சிம்மை நிறுத்துங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோ உள்ளூர் சைபர் காவல் நிலையத்துக்குப் போயோ நீங்களாகவே தெரிவியுங்கள். கணக்கில் மீதமிருப்பதை எடுத்துச் செலவழித்துவிட்டுப் பிறகு கணக்கை மூடலாம் என்ற யோசனையைப் பலர் சொல்வார்கள். அதைவிடக் கெட்ட யோசனை வேறில்லை.

பெயரை இரவல் கொடுத்தவர் மாட்டிக்கொள்வது ஒரு பக்கம். இதில் ஒன்றுமே செய்யாதவர் மாட்டிக்கொள்வதுதான் என் அலுவலகத்துக்கு இப்போது அதிகமாக வருகிறது. சென்னிமலைப் பக்கத்தில் போர்வையும் துண்டும் வணிகம் செய்யும் என் கட்சிக்காரர் ஒருவர், ஈரோடு ஜவுளிச் சந்தையிலும் கடை போடுகிறவர். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் அந்தச் சந்தைக்கு மகாராஷ்டிரத்திலிருந்து வழக்கமாக வரும் வியாபாரி ஒருவர், 64,500 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, பெரும்பகுதியைத் தம் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டு, மீதி 18,400 ரூபாயை வேறொருவர் யுபிஐயிலிருந்து போடச் செய்திருக்கிறார். பில் சரியாக இருந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் வெளிமாநிலச் சரக்கு என்பதால், அதைக் கொண்டுசெல்லத் தேவையான இ-வே பில்லும் இருந்தது. லாரி ஆபீஸ் ரசீதும் இருந்தது. ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் தறிக்காரர்களுக்குக் கூலி போட முயன்றபோது, கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகக் கைப்பேசியில் வந்தது. கணக்கில் அன்று பதினோரு லட்சத்துக்கு மேல் இருந்தது. அந்த 18,400 ரூபாய், எங்கோ ஒருவர் இழந்த பணத்தின் மூன்றாம் அடுக்குத் துண்டு.

யாரேனும் 1930-க்குப் புகார் செய்தவுடன், பணம் போன வழியில் உள்ள வங்கிகளுக்கெல்லாம் தகவல் போகிறது. 2021இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு எத்தனையோ பேருடைய பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது; அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதினெட்டாயிரத்துக்காகப் பதினோரு லட்சத்தை நிறுத்தி வைப்பது, ஒரு மாடு மேய்ந்ததற்குத் தொண்டுப்பட்டி முழுவதையும் பூட்டுவது போன்றது. ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ்க் கைப்பற்றும் காவல் அதிகாரி அதை நீதித்துறை நடுவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்கவும் வேண்டும். நடைமுறையில், வங்கிக் கிளையில் கேட்டால் காவல் நிலையத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். காவல் நிலையமோ ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, தொலைபேசியில் பேசுகிறவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு அவர் மொழி தெரியாது.

நாங்கள் செய்தது இதுதான். வங்கியிடம் எழுத்தில் கேட்டு, புகாரின் ஒப்புகை எண், காவல் நிலையத்தின் பெயர், ஐயத்துக்குரிய தொகை ஆகிய மூன்றையும் வாங்கினோம். பில், இ-வே பில், லாரி ரசீது, அந்த மாத விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம், ஆறு மாத வங்கி அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, அந்த ஒரு தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்குமாறு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். திரும்ப ஒரே ஒரு கேள்வி வந்தது: பில் ஒரு கடையின் பெயரில் இருக்கிறது, பணம் இன்னொருவர் கணக்கிலிருந்து வந்திருக்கிறது, இரண்டுக்கும் என்ன தொடர்பு? எங்களிடம் அதற்குத் தாள் இல்லை. அந்த வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், அதன்கீழ் இந்தியில் 'பாக்கி போட்டாச்சு' என்ற ஒரு வரியும்தான் இருந்தன. நல்லவேளையாக என் கட்சிக்காரர் கைப்பேசியை மாற்றியிருக்கவில்லை. மற்ற பணம் விடுபட நான்கு மாதமும் சில நாட்களும் ஆயிற்று. அதுவரை மைத்துனரிடம் கைமாற்று வாங்கித்தான் கூலி போட்டார். அந்த 18,400 இன்னும் வரவில்லை.

வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹண்டர்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கணக்கு திறக்கும்போதே கிளையில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதிக் கணக்குகளுக்கு அந்தக் கருவி தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். ஆனால் மாதத்துக்கு இத்தனை புதுக் கணக்கு என்று இலக்கு வைத்திருக்கும் இடத்தில் அந்தக் கேள்வியை யார் கேட்பார்கள்?

என் கட்சிக்காரர் இப்போது தம் கடையில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்: 'பில் யார் பேரிலோ, அவர் கணக்கிலிருந்து மட்டும் பணம்.' தமிழிலும் இந்தியிலும் இருக்கிறது. போன வாரச் சந்தையில், பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அண்ணன் மகனின் யுபிஐயிலிருந்து பணம் போடுவதாகச் சொல்ல, இவர் முடியாது என்று கட்டிய போர்வைக் கட்டைத் திரும்ப அடுக்கில் ஏற்றி வைத்திருக்கிறார். வந்தவர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனாராம். அங்கே அதே எண்ணிலிருந்து பணம் வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்தார்களாம்.