செக்போஸ்ட்டுக்கு மேலே காப்பீட்டு அட்டை செல்லுமா?

விடிவதற்கு முன்பே கம்பம் பகுதியிலிருந்து ஜீப்புகள் குமுளி மலை ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விடுகின்றன. உள்ளே நெருக்கியடித்து ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர், தூக்குவாளி வைக்கும் பையிலேயே மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் பாலித்தீன் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார். “தோட்டத்தில் விழுந்து கிடந்தால் இது அங்கே செல்லுமா தம்பி?” என்று கேட்டார்.

எல்லாருக்கும் செல்லாது. அந்த அட்டைக்குரிய தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் இதோடு இணைந்தது. சிக்கல் அங்கேதான்: பயனாளிகளுக்கு மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல் என்று இரண்டு. மத்தியப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பம் கேரளத்திலும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் படுக்கலாம். மாநிலப் பட்டியலில் மட்டும் இருப்பவர் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். அட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆயுஷ்மான் பாரத் உதவி எண்ணான 14555-க்குப் போன் செய்து கேட்பதே வழி. பீர்மேடு, தேவிகுளம் பக்கம் லயங்களிலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குடியிருக்கும் தமிழர்களுக்குக் கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் இருக்கிறது. அதிலும் வரம்பு 5 லட்சம்தான்.

இவை பெரும்பாலும் உள்நோயாளிக்கான திட்டங்கள். நம் ஜனங்களின் காசு கரைவது வேறு இடத்தில்: தனியார் கிளினிக்கில் சீட்டு, ரத்தப் பரிசோதனை, மாதாமாதம் சர்க்கரை மாத்திரை, போதாததற்கு அன்றைய கூலியும் போய்விடும். அரசு மருத்துவமனையில் இதெல்லாம் காப்பீட்டு அட்டை இல்லாமலே கிடைக்கும். வரிசையில் நிற்கப் பொறுமைதான் வேண்டும்.

விபத்துக்கு விதி வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டப்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். லோயர் கேம்ப்பிலிருந்து ஏறும் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால், அதில் வந்த மலையாளிக்கும் அதே சிகிச்சை. செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தால், 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது: 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை.

அடிபட்டவரிடம் வருமானச் சான்று கேட்காத அரசு, நெஞ்சுவலிக்காரரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? பணமில்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை தடைபடக் கூடாது என்று சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு 1946-லேயே எழுதிவிட்டது. வரிப்பணத்தில் எல்லாருக்கும் மருத்துவம் என்றால், பட்டியலும் வேண்டாம், பட்டியலில் விடுபட்டவரும் இருக்க மாட்டார். செலவாகும்தான். இப்போது அந்தச் செலவை அடகுக் கடையில் வைத்த தோடு ஏற்கிறது.

அக்காவின் பெயர் மத்தியப் பட்டியலில் இல்லை. அவசரம் என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அட்டையோடு ரேஷன் கார்டு, ஆதார் நகல்களையும் அதே பாலித்தீனில் சுற்றிக்கொண்டார்.