மெதுவாகத் தொடங்கும் இசை காதைக் காப்பாற்றுவதில்லை

பெங்களூரில் செவித்திறன் பரிசோதனை செய்வது என் தொழில். சென்ற வாரம் மீண்டும் ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஸ்ரீராமபுரத்தில் வீடு, வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை, வயது இருபதுகளின் கடைசி. இரண்டு காதுகளிலும் ஓயாத "கீ" என்ற இரைச்சல் இருப்பதாகவும், அலுவலக கேன்டீனில் எதிரில் இருப்பவர் பேசுவது புரிவதில்லை என்றும் சொன்னார். பெரும்பாலும் பாடகர் இல்லாமல், கிட்டார்களால் மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் போஸ்ட்-ராக் இசையில் தனக்குப் பிடித்த குழுவின் புதிய ஆல்பத்தை மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் சில வாரங்களாகக் கேட்டிருக்கிறார்; நடுவில் ஒரு சனிக்கிழமை இரவு அதே பாணியில் வாசிக்கும் உள்ளூர்க் குழு ஒன்றின் கச்சேரிக்கும் போய், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். உடன் வந்த தாயார், "இவன் கேட்கிறது அமைதியான இசைதான் மேடம், பாட்டுக்கூடக் கிடையாது, அழுக்குத்தான் அடைத்திருக்கும், எடுத்துவிடுங்கள்" என்றார். காதில் எடுக்கும்படி அழுக்கு எதுவும் இல்லை. வீட்டில் காய்ச்சி ஊற்றிய தேங்காய் எண்ணெய்தான் இருந்தது.

பாடகர் இல்லாத இசை மென்மையானது என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையைக் கேட்பவர்கள் தாம் கேட்பது சத்தமானது என்று தெரிந்தே வருகிறார்கள். அவர்களில் பலர் காதடைப்பான் வைத்திருக்கிறார்கள். போஸ்ட்-ராக் ரசிகர்களோ தியானம் செய்துவிட்டு வந்தவர்களைப் போலப் பேசுகிறார்கள். 1995இல் கிளாஸ்கோவில் தொடங்கிய மோக்வாய், 1999இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை, மான்ட்ரியலின் காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர் ஆகிய குழுக்கள் வகுத்த பாதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஒற்றைக் கிட்டார் தனியாகச் சில சுரங்களை வாசிக்கும். எதிரொலியைச் சேர்க்கும் டிலேயும் ரிவெர்பும் அதை விரிக்கும். இன்னொரு கிட்டார் சேரும். ஆறாவது ஏழாவது நிமிடத்தில் எல்லாக் கிட்டார்களும் டிரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பல்களும் ஒன்றாக வெடிக்கும். புதிய ஆல்பங்களும் பெரும்பாலும் இந்த வடிவத்திலேயே வருகின்றன என்பது விமர்சகர்களின் குறையாக இருக்கலாம். என் குறை வேறு. மெட்ரோவின் இரைச்சலில் அந்தத் தொடக்கத்து ஒற்றைக் கிட்டார் கேட்காது. குறிப்பாக மெஜஸ்டிக்குக்கும் கப்பன் பார்க்குக்கும் இடையில் வண்டி சுரங்கத்துக்குள் ஓடும்போது அறவே கேட்காது. உடனே கை போனை எடுத்து ஒலியளவைக் கூட்டுகிறது. மென்மையான பகுதிக்கும் உச்சத்துக்கும் ஒலியின் அளவில் 20 டெசிபல் வித்தியாசம் இந்த இசையில் அரிதல்ல. மென்மையான பகுதியை 75 டெசிபலில் வைத்துக் கேட்பவருக்கு உச்சம் 95 டெசிபலில் வந்து சேரும். அது படிப்படியாக ஏறி வருவதால் அவர் திடுக்கிடுவதில்லை, எனவே குறைப்பதுமில்லை. அடுத்து என்ன வரும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருப்பதால் அதற்காகக் காத்திருந்து இன்னும் ஒரு படி கூட்டுகிறவர்களும் உண்டு.

இனி, என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் வாக்கியத்துக்கு வருகிறேன்: "முதலில் காது அடைத்தது மேடம், இப்போது பழகிவிட்டது." காது புதுச் செருப்பல்ல, போடப்போடப் பழகுவதற்கு. முதல் கச்சேரிக்குப் பின் காது அடைத்ததும், குரல்கள் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதும், மறுநாள் சரியானதும் உண்மைதான். அதைத் தற்காலிகச் செவித்திறன் குறைவு என்கிறோம். மறுநாள் சரியானது என்பதற்குப் பாதிப்பே இல்லை என்று பொருளல்ல. எலிகளைக் கொண்டு குஜாவா, லிபர்மன் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், செவித்திறன் முழுமையாக மீண்ட பிறகும், உட்செவியின் செல்களிலிருந்து நரம்புக்குச் செய்தி கடத்தும் இணைப்புகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அழிந்திருந்தது. நாலாவது கச்சேரியில் காது அடைக்கவில்லை என்றால், அந்தச் சத்தத்தை உணரும் திறன் குறைந்திருக்கவும் இடமுண்டு என்பதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள். அதே ஆல்பத்தை அதே அளவில் வைத்தால் சப்பென்று இருக்கிறது, ஆகவே கூட்டுகிறேன் என்பவர் ஆல்பத்தைக் குறைசொல்லுமுன் செவித்திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. உயர்ந்த சுருதியான 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தால், பழக்கம் என்று அவர் நினைத்தது என்ன என்பது தெரிந்துவிடும். மனிதனின் உட்செவியில் அழிந்த, ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. இதற்கு மாத்திரை இல்லை, சொட்டு மருந்தும் இல்லை.

ஆடியோகிராம் அறிக்கை இயல்பாக வந்தாலும் கேன்டீனில் பேச்சு புரியவில்லை என்ற புகாரை நான் ஒதுக்குவதில்லை. அமைதியான அறையில் ஒற்றைச் சுரங்களைக் கேட்கச் செய்யும் வழக்கமான சோதனைக்கு மேற்சொன்ன நரம்பிணைப்புப் பாதிப்பு அகப்படாமல் போகலாம். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இசைக்கருவி வாசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கோரமங்களாவிலும் இந்திராநகரிலும் உள்ள, குழுக்கள் ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூம்களில் பல, சிம்பலுக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே கையகல இடம்கூட இல்லாதவை. டிரம்மர்களின் காதுகளைச் சோதிக்கும்போது எனக்குத் தவில் வித்வான்களின் ஆடியோகிராம்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்களும் பழகிவிட்டது என்றே சொல்வார்கள்.

என்ன செய்ய வேண்டும்? பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு தொழிலாளர்களுக்கு வகுத்த கணக்கு எளிது: 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். ஆக 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். கச்சேரிக்குப் போகிறவர் ஸ்பீக்கர் பக்கம் நிற்க வேண்டாம், இடைவேளையில் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். பஞ்சும் டிஷ்யூ காகிதமும் காதடைப்பான் ஆகா. நுரையால் ஆன மலிவான அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்து, முழுவதும் உள்ளே செலுத்தினால்தான் பயன். பாதி வெளியே தொங்கினால் அது வெறும் அலங்காரம். இசை மங்கிவிடுகிறது என்பவர்களுக்காகவே எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான்கள் இருக்கின்றன. கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களுக்குச் செலவிடுகிறவர்கள் இதற்கும் செலவிடலாம். பயணத்தில் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனைப் பயன்படுத்தி, ஆல்பத்தின் உச்சப் பகுதியை முதலில் ஓடவிட்டு ஒலியளவை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் தொடக்கம் கேட்கவில்லை என்றால் அந்த ஆல்பத்தை வீட்டில் கேளுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள். மெஜஸ்டிக் நடைபாதையில் காது சுத்தம் செய்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

அரங்க உரிமையாளர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாருக்கானவை; உள்ளே நிற்பவரின் காதுக்கு நீங்கள்தான் பொறுப்பு. உலக சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்காக 2022இல் வெளியிட்ட தரநிலை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அரங்கில் ஓர் அளவுமானியையும் நுழைவாயிலில் ஒரு பெட்டி அடைப்பான்களையும் வைப்பதால் யாரும் நஷ்டப்படப் போவதில்லை. காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பேர்போன மை பிளடி வேலன்டைன் குழுவே 2008ஆம் ஆண்டுக் கச்சேரிகளில் ரசிகர்களுக்கு அடைப்பான் கொடுத்தது.

ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால், வார இறுதி வரை பொறுத்துப் பார்க்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. வழக்கமான சோதனைக்கு வருகிறவர்கள் அதற்கு முந்தைய 14 மணி நேரமாவது சத்தத்தைத் தவிர்த்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் ஹெட்போனில் ஆல்பம் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டால், முன்பதிவு செய்திருந்தாலும் வேறொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.