சிறைக்குள் தேறிய காசநோய்க் கிருமி

"டிபி பரம்பரை நோய் இல்லை என்றால், எதற்கு மரபணுவை ஆராய்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆராய்வது பெரும்பாலும் கிருமியின் மரபணுவை. குடும்பத்தில் டிபி இருந்தது என்று பெண் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறும் மூடநம்பிக்கை.

கிருமியின் மரபணு என்ன செய்யும் என்பதை ரஷ்யச் சிறைகளில் பார்க்கலாம். 1990களில் அங்கே சுமார் 10 லட்சம் கைதிகள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குக் காசநோய். விசாரணைக் கைதிகள் கட்டில் போதாமல் முறைபோட்டுத் தூங்கினார்கள். காற்றோட்டமில்லாத அறையில் ஒருவர் இருமினால் போதும், மீதி நமக்குத் தெரிந்ததுதான். மாத்திரையோ ஒரு மாதம் கிடைக்கும், அடுத்த மாதம் கிடைக்காது. வினையே அதில்தான்: மருந்து அரைகுறையானால், அதற்கு அசையாத கிருமி மிஞ்சிப் பெருகும்.

பல பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்க்கும் மரபணுவை மற்ற பாக்டீரியாக்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்கு அந்த வழக்கம் இல்லை. தன் டி.என்.ஏ.வின் 44 லட்சம் எழுத்துகளில் தற்செயலாக நேரும் பிழைதான் அதற்குக் கதி. காசநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை எடுத்துக்கொள்வோம். கிருமியின் டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. இழையை உருவாக்கும் பாலிமரேஸ் நொதிக்குள், இழை வெளியேறும் பாதையில் போய் அது அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று எழுத்து கோத்ததும் வேலை நின்றுவிடும். ஆனால் ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் ஓரிடத்தில் டி.சி.ஜி. என்பது டி.டி.ஜி. ஆனால், நொதியில் செரின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் லூசின் என்ற வேறொன்று வந்து உட்காரும். ஒரே எழுத்துதான், மருந்துக்குப் பிடிமானம் போய்விடும்.

தப்பித்த கிருமிக்கும் நஷ்டம் உண்டு. நொதி கொஞ்சம் கோணிப்போவதால், மருந்தில்லாத இடத்தில் சாதாரணக் கிருமியோடு போட்டியிட்டால் பெரும்பாலும் பின்தங்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னைப் பிரமிக்க வைக்கிறது. அந்த நொதி பல புரதத் துண்டுகள் சேர்ந்தது. பக்கத்துத் துண்டுக்கான ஆர்.பி.ஓ.சி. மரபணுவில் இன்னொரு பிழை நேர்கிறது. அது முதல் பிழையைத் திருத்துவதில்லை. வாசல் நிலை சாய்ந்துபோனால் தச்சர் நிலையை விட்டுவிட்டுக் கதவை இழைப்பாரே, அப்படி. எதிர்ப்பும் போகாது, இழந்த தெம்பும் திரும்பிவிடும்.

ரஷ்யாவின் சமாரா பகுதியில் 1,000 நோயாளிகளின் கிருமிகளை முழுமையாகப் படித்து 2014இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 'பெய்ஜிங்' என்று பெயரிட்ட காசநோய்க் கிருமி வம்சம். ரிஃபாம்பிசினுக்கு அசையாத கிருமிகள் பலவற்றில் இந்த இரண்டாம் பிழையும் இருந்தது. தெம்பு குறைந்து தானாக மங்கிவிடும் என்று காத்திருக்க வழியில்லை.

இந்தக் கிருமியில் ஆண்டுக்குச் சராசரியாக அரை எழுத்துதான் மாறும். ஆகவே இருவரின் கிருமிகளுக்குள் ஐந்து எழுத்துக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால், அண்மையில் தொற்றியது என்று கணிக்கலாம். பிரேசிலின் மாட்டோ குரோசோ டோ சுல் மாநிலத்தில் இப்படிப் பார்த்தபோது, சிறைக்குள் இருந்த அதே கிருமிகள் ஊருக்குள்ளும் இருந்தன. விடுதலையானவர்கள், பார்க்கப் போகிறவர்கள், காவலர்கள் எல்லோரும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள். சிறை மருத்துவத்துக்குப் பணம் ஒதுக்கினால் முகம் சுளிக்கிறவர்களிடம் இந்த முடிவைத்தான் காட்டுவேன். உள்ளே வரும்போதே ஒரு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, வெளியே போகிறவர் கையில் மிச்ச மாதங்களுக்கான மாத்திரை: இவற்றுக்கு ஆகும் செலவு, எதிர்ப்புக் கிருமி தொற்றிய ஒருவரைக் குணப்படுத்தும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.